கனடாவின் பிரெய்ரிச் சமவெளிப் பக்கம் பழைய சர்ச், கல்லறை, ரோட்டோர பிரம்மாண்டங்கள்: படம் எடுப்பவர்கள் இங்கே வாருங்கள்

#1 கரிசல்காட்டான் (சாஸ்கட்டூன்)

இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரு பழைய கேமரா கைக்கு வந்ததால் போன சனிக்கிழமை வகாவ் என்கிற சின்ன ஊர்ப் பக்கம் கிரிட் ரோட்டில் (வயல்களுக்கு நடுவே கட்டம் கட்டமாகப் போகும் ரோடு) சும்மா ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் ஒரு சாண் உயரக் கோதுமை. திடீரென்று வயலுக்கு நடுவில் வெங்காயம் கவிழ்த்தது மாதிரி மூன்று தகரக் கோபுரம். பக்கத்தில் வீடு இல்லை, ஆள் இல்லை.

சர்ச் பூட்டியிருந்தது. பின்னால் கல்லறை, ஒரு நாற்பது சிலுவை இருக்கும். பாதிக்கு மேல் சிமெண்டில் வீட்டிலேயே வார்த்தவை. ஒன்றைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறிய எழுத்து. வரி கோணல். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கீழே தொங்குகிறது. எல்லாம் ரஷ்ய எழுத்து மாதிரி இருக்கிறது. 1918 என்பது மட்டும் புரிந்தது.

படம் மூன்றும் சொதப்பல். சர்ச் பின்பக்கம் சாய்ந்து விழுகிற மாதிரி வந்திருக்கிறது. சாயங்காலம் ஆறு மணி, நல்ல வெளிச்சம்தான், ஆனால் அந்தக் கல்லின் முகம் நிழலில் இருந்ததால் எழுத்தே தெரியவில்லை. இதற்கு நடுவில் ஒரு பிக்கப் டிரக் வந்து நின்றது. வயதானவர். "வழி தவறிவிட்டாயா?" என்றார். இல்லை என்றேன். கேமராவைப் பார்த்தார். எஞ்சினை அணைக்காமல் ஐந்து நிமிஷம் அங்கேயே இருந்துவிட்டுப் போய்விட்டார். நான் ஏதாவது தப்பு செய்தேனா?

#2 பழையலென்ஸ் (எட்மண்டன்)

தப்பு ஒன்றும் இல்லை தம்பி. முதலில் படத்தைப் பார்ப்போம்.

சர்ச் சாய்வதற்குக் காரணம், நீ கிட்டப் போய் நின்று வைட் லென்ஸை அண்ணாந்து பிடித்தது. மதுரையில் கோபுரத்தை எடுக்க வேறு வழியில்லை, முதுகுக்குப் பின்னால் கடை இருக்கும். இங்கே பின்னால் என்ன இருக்கிறது? பத்து மைல் வெட்டவெளி. ரோட்டுக்கே திரும்பிப் போய், 70 அல்லது 85 மிமீ போட்டு, கேமராவை மட்டமாகப் பிடி. கோபுரம் செங்குத்தாக நிற்கும், சுற்றியிருக்கிற வெறுமையும் படத்துக்குள் வரும். அந்த வெறுமை இல்லாவிட்டால் அது எந்த ஊர் சர்ச்சாகவும் இருக்கலாம். தகரக் குமிழ் வெயிலில் வெளுத்துவிடும், ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தைப் பாதியாக) குறைத்தே எடு. வைட் லென்ஸில் போலரைசர் (வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் ஃபில்டர்) போடாதே. வானம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது நடுவில் மட்டும் கறுப்புத் திட்டு விழும்.

திசை முக்கியம். உக்ரேனிய சர்ச்சுகளில் பீடம் கிழக்கே, வாசல் மேற்கே. நம் ஊரில் பெரும்பாலான கோயில்களுக்கு வாசல் கிழக்கு, அதனால் விடிகாலையில் ஓடுவோம். இங்கே நேர்மாறு, முகப்புக்கு மாலை வெளிச்சம்தான். ஜூனில் சூரியன் மறைய ஒன்பதரை ஆகும், சாவகாசமாக எடுக்கலாம். யுனைடெட் சர்ச் மாதிரியான புராட்டஸ்டண்ட் சர்ச்சுகள் மட்டும் பல இடங்களில் ரோட்டைப் பார்த்து நிற்கும்.

இனி உன் கல். அது கிழக்கு பார்த்து நிற்கிறது, அதனால்தான் மாலையில் நிழல். கீறல் எழுத்தை வாசிக்க நேர் வெளிச்சமும் உதவாது, கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகிற வெளிச்சம் வேண்டும். கிழக்கு பார்த்த கல்லுக்கு அது உச்சி வேளைக்குச் சற்று முன்னால் கிடைக்கும். ஒரு விஷயம்: சாஸ்கட்சுவானில் கடிகாரம் சூரியனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சாஸ்கட்டூனில் உண்மையான உச்சி ஒரு மணி வாக்கில்தான். பன்னிரண்டரைக்குப் போ. எல்லாரும் திட்டுகிற மொட்டை வெயில் கல்லறைக்கு மட்டும் தங்கம். அந்த நேரம் வாய்க்காவிட்டால் ஒரு கண்ணாடி கொண்டு போ. ஒரு ஆள் வெயிலில் நின்று, பக்கவாட்டிலிருந்து வெளிச்சத்தைக் கல்லின் மேல் அடிக்க வேண்டும்.

சாக்பீஸ் பூசுவது, ஷேவிங் நுரை தடவுவது, கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்ப்பது எதுவும் கூடாது. நூறு வருஷம் நின்ற சிமெண்ட் உன் பிரஷ்ஷில் உதிர்ந்து போகும்.

#3 மூணுகால் (கால்கரி)

பழையலென்ஸ் அண்ணன் பாடம் ஆரம்பித்துவிட்டார், எல்லாரும் நோட்டை எடுங்கள்.

என் பங்குக்கு: உயரமான புல்லில் நடந்தால் வீட்டுக்கு வந்ததும் கால், இடுப்பு, தலைமுடி எல்லாம் தடவிப் பார்க்கவும். மே, ஜூனில் உண்ணி. நான் ஒருமுறை காதுக்குப் பின்னால் ஒன்றை மூன்று நாள் வளர்த்திருக்கிறேன். குளிர்காலத்தில் போகிறவர்கள் பேட்டரியைச் சட்டைப் பைக்குள் வையுங்கள், மைனஸ் 30-ல் அரை மணியில் செத்துவிடும். திரும்பிக் காருக்குள் ஏறும் முன்னால் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள், இல்லையென்றால் லென்ஸுக்குள் ஆவி படியும்.

#4 வடலி (வினிபெக்)

வடிவான படம் அண்ணை, சாய்ந்தால் என்ன. அந்தக் கல்லைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது ரஷ்ய மொழி இல்லை, உக்ரேனியம். நான் வேலை செய்கிற இடத்தில் இருக்கிற ஒரு அம்மாவிடம் கொஞ்சம் படித்திருக்கிறேன்.

மேல் வரி "துத் ஸ்போச்சிவாயெ" என்று தொடங்கும், "இங்கே இளைப்பாறுகிறார்". அடியில் அநேகமாக "விச்னாயா பாம்யாத்" இருக்கும், "நித்திய நினைவு". அவர்கள் இறந்தவருக்குப் பாடுகிற பாட்டும் அதுதான். எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஹெச் போல இருப்பது 'ந', சி போல இருப்பது 'ஸ', எக்ஸ் போல இருப்பது 'ஹ'. இந்த மூன்றும் பிடிபட்டால் பாதிப் பேர்களை வாசித்துவிடலாம். தேதிகளில் மட்டும் கவனம். பல குடும்பங்கள் பழைய ஜூலியன் காலண்டரில் எழுதியிருக்கிறார்கள், இப்போதைய கணக்குக்கு 13 நாள் தள்ளும்.

இந்தச் சனம் 1891-ல் வரத் தொடங்கியது. முதல் உலகப் போருக்கு முன் சுமார் 1,70,000 பேர் வந்தார்கள். பத்து டாலர் கட்டினால் 160 ஏக்கர் என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். வந்து, முதலில் இருக்க ஒரு குடில், அடுத்தது கோயில். மனிடோபா கார்டன்டனில் இருக்கிற செயின்ட் மைக்கேல்ஸ் 1899-ல் கட்டியது, கனடாவின் முதல் உக்ரேனிய ஆர்த்தடாக்ஸ் கோயில். அதைப் பார்த்துவிட்டு குக்ஸ் கிரீக் போங்கோ. பிலிப் ரூ என்கிற பாதிரியார் ஊர்ச் சனத்தைக் கொண்டே 1930-ல் தொடங்கிய கோயில், முடிய 1952. அது 'பிரெய்ரியின் கதீட்ரல்' என்று பேர் எடுத்தது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகும்.

உக்ரேனியர் மட்டும் என்று நினைக்காதேங்கோ. மெல்ஃபோர்ட் பக்கம் ஈடன்பிரிட்ஜில் ஒரு மரத்தாலான யூத ஜெபக்கூடம் இருக்கிறது. தென்னாப்பிரிக்கா வழியாக வந்த லித்துவேனிய யூதர்கள் 1906-ல் உண்டாக்கிய ஊர். லிப்டன் பக்கத்து யூதக் கல்லறையில் குழிகளின் மேல் நாய்க்கூடு அளவில் சின்னச் சின்ன வீடுகள் கட்டி வைத்திருக்கிறார்கள். முதல் தரம் பார்த்தபோது கேமராவைத் தூக்க மனம் வரவில்லை.

#5 கடலோரத்துக்காரி (ரெஜைனா)

1918 என்றதும் எனக்குத் தோன்றியது இன்ஃப்ளுவன்சா. இந்தப் பக்கக் கல்லறைகளில் 1918 அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று ஒரே வரிசையில் நிற்கும். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று. சின்னச் சிலுவை என்றால் சின்னப் பிள்ளை. நான் தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி ஊரே அங்கேதான் இருக்கும். அதனால் யாரும் வராத கல்லறை என்றால் எனக்கு என்னவோ செய்யும்.

ஆனால் முழுக்க யாரும் வராமல் இல்லை. உக்ரேனியர்களுக்கு ஈஸ்டருக்குப் பின் 'ப்ரொவொடி' என்று ஒன்று உண்டு. சாமியார் ஒவ்வொரு கல்லறையாகப் போய் மந்திரிப்பார், குடும்பங்கள் சாப்பாட்டோடு வரும். அப்புறம் அந்தக் கோயிலின் பாதுகாவலர் திருநாளுக்கு வருஷத்தில் ஒரு நாள் கதவைத் திறந்து பூசை வைப்பார்கள். உள்ளே படம் எடுக்க வேண்டுமா, பூட்டை முறைத்துக்கொண்டு நிற்காமல் அந்த நாளைக் கண்டுபிடித்துப் போ. உள்ளேதான் விஷயமே இருக்கிறது. வெளியே வெள்ளைப் பலகை, உள்ளே கூரை முழுக்க நீலம், நட்சத்திரம். ஃபிளாஷ் போடாதே, கேட்டுவிட்டு எடு, பூசை நேரத்தில் எடுக்காதே.

#6 நாடோடிலாரி

பன்னிரண்டு வருஷமாக இந்த ரோடுகளில் லாரி ஓட்டுகிறேன். கல்லறை, சர்ச் மட்டும் பேசினால் எப்படி? எலிவேட்டர் யார் எடுப்பது?

ஊர் பேரைப் பெரிதாக எழுதி ரயில் பாதை ஓரம் நிற்கும் மரத் தானியக் கிடங்கு. 1933-ல் மூன்று மாகாணத்திலும் சேர்த்து 5,758 இருந்தது. இப்போது நிற்பதை எண்ணிவிடலாம். ஃப்ளெமிங்கில் 1895-ல் கட்டிய ஒன்று, பழசிலும் பழசு. செலவழித்து மராமத்து செய்துகொண்டிருந்தார்கள், 2010-ல் யாரோ தீ வைத்துவிட்டார்கள். வரிசையாகப் பார்க்க வேண்டும் என்றால் மனிடோபாவில் இங்லிஸ் போங்கள், ஐந்தும் அப்படியே நிற்கிறது. நான் ஒன்றை ஆறு வருஷம் "அடுத்த டிரிப்பில் எடுக்கலாம்" என்று தள்ளினேன். ஒரு நாள் போனால் அந்த இடத்தில் சரளைக் குவியலும் ஒரு ஜேசிபியும்.

ரோட்டோர பிரம்மாண்டங்கள் வேறு. நம் ஊர் எல்லையில் அய்யனார் குதிரை மாதிரி இங்கே ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று. வெக்ரெவில்லில் அலுமினிய ஈஸ்டர் முட்டை, 1975-ல் வைத்தது. இரண்டரை டன், ஆனால் காற்றடித்தால் காற்றாடி மாதிரி திரும்பும். அதனால் வெளிச்சம் பார்த்தால் போதாது, காற்றும் பார்க்க வேண்டும். மண்டேரில் 42 அடி சாசேஜ். கோமார்னோவில் ராட்சசக் கொசு. மூஸ் ஜாவில் மேக் என்கிற கடமான். நார்வேக்காரர்கள் அதைவிட உயரமாக ஒன்று செய்துவிட்டார்கள் என்று 2019-ல் ரோஷம் வந்து மேக்கின் கொம்பை மாற்றி உயர்த்தினார்கள். சிரிக்காதீர்கள், நாம் கட்அவுட் வைத்த ஆட்கள்.

வழி கண்டுபிடிக்க ஒரு உபாயம். இங்கே நிலம் முழுக்கக் கட்டம். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதில் 36 செக்‌ஷன். எண் தென்கிழக்கு மூலையில் 1-ல் தொடங்கி, ஏர் ஓட்டுகிற மாதிரி இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் திரும்பி 36 வரை வரும். பழைய ஆட்களிடம் சர்ச் எங்கே என்று கேட்டால் இந்தக் கணக்கில்தான் சொல்வார்கள். நம் சர்வே நம்பர் மாதிரி. பிடிபட்டுவிட்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் தொலைய மாட்டீர்கள். மழை பெய்தால் மட்டும் மண் ரோட்டுப் பக்கம் போகாதீர்கள்.

#7 கரிசல்காட்டான்

மழை விஷயத்தை எனக்குச் சொல்ல வேண்டாம் அண்ணே. கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் மழை விட்டதும் சைக்கிளை மட்கார்டில் குச்சி விட்டு நோண்டி நோண்டித் தள்ளியவன் நான். இதுவும் அதே ஜாதி மண்தான்.

#8 மூணுகால்

எல்லாம் சரி. அந்த சர்ச்சின் லொகேஷன் போடு தம்பி. லாங் வீக்கெண்டுக்கு வந்துவிடுகிறேன்.

#9 பழையலென்ஸ்

போடாதே. படத்தில் பதிந்திருக்கும் ஜிபிஎஸ்ஸையும் அழித்துவிட்டு ஏற்று.

ஆளில்லாத சர்ச்சில் மணி, படங்கள், வண்ணக் கண்ணாடி, செம்புக் கம்பி எல்லாம் திருடு போகின்றன. 2021-ல் கனடா முழுக்க எத்தனை சர்ச் எரிந்தது என்று நினைவிருக்கும். உன்னை அந்தப் பெரியவர் ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றதற்கு அதுதான் காரணம். ஒரு படம் வைரல் ஆனால் அடுத்த மாதம் அங்கே கல்யாண போட்டோ ஷூட், அதற்கடுத்த மாதம் கதவு உடைப்பு.

இன்னொன்று, வயலுக்குள் கால் வைக்காதே. 2022 ஜனவரி 1 முதல் சாஸ்கட்சுவானில் வேலியோ போர்டோ இல்லாவிட்டாலும் விவசாய நிலத்துக்குள் போக முன்கூட்டியே அனுமதி வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். உன் பூட்ஸ் மண்ணில் கிளப்ரூட் என்கிற வேர் நோய் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போகும். கனோலா (எண்ணெய் வித்து) போடுகிறவனுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. நிலம் யாருடையது என்று தெரிய ஆர்.எம். (அந்தக் கிராமப்புற உள்ளாட்சி) ஆபீசில் வரைபடம் விற்கிறார்கள், பேர் போட்டே இருக்கும்.

பாழடைந்த வீடுகளுக்குள்ளும் போகாதீர்கள். புல்லில் மூடாத கிணறு இருக்கும். எலிப் புழுக்கையிலிருந்து ஹான்டா வைரஸ் வரும்.

#10 வடலி

அண்ணை, இதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். என்னோடு வேலை செய்கிற அந்த அம்மா தன் பூட்டியின் கல்லறையைப் பதினெட்டு வருஷம் தேடினவ. யாரோ எடுத்த ஒரு படத்தில்தான் கண்டுபிடித்தவ. அந்த ஆளும் "பாதுகாப்பு" என்று இடத்தை மறைத்திருந்தால்?

சாஸ்கட்சுவானில் 1936-ல் 1,42,000 பண்ணைகள். 2021-ல் சுமார் 34,000. அந்தப் பிள்ளைகள் எல்லாம் வன்கூவர், டொரொன்டோ என்று போய்விட்டார்கள். கல்லின் எழுத்து ஒவ்வொரு பனிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உதிருது. எங்கட ஊரில் சனம் இடம்பெயர்ந்து திரும்பிப் போனபோது எது யார் கல்லறை என்று தெரியாமல் நின்றதைப் பார்த்தவள் நான். படமும் வேண்டும், இடமும் வேண்டும். இடம் இல்லாத கல்லறைப் படம் சும்மா அலங்காரம்.

#11 பழையலென்ஸ்

நீங்கள் சொல்வது நியாயம்தான். கல்லறைப் பதிவு வேறு, இன்ஸ்டாவுக்கு எடுக்கும் சர்ச் படம் வேறு என்று பிரித்துவிடலாமா? பேர் வாசிக்கிற கல்லறைப் படங்களை இடத்தோடு வம்சாவளி தேடுகிறவர்கள் பார்க்கும் தளங்களில் போடலாம். சர்ச் அழகுப் படத்துக்கு "வகாவ் பக்கம்" போதும்.

#12 கடலோரத்துக்காரி

அதிலும் ஒரு விதிவிலக்கு. ரெசிடென்ஷியல் ஸ்கூல் (பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த விடுதிப் பள்ளி) இருந்த இடங்களையும் பூர்வகுடிகளின் கல்லறைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2021 ஜூனில் கௌவெசெஸ் என்கிற பூர்வகுடிச் சமூகம், மரிவால் ஸ்கூல் இருந்த இடத்தில் 751 அடையாளமில்லாத கல்லறைகள் என்று அறிவித்தது. இங்கிருந்து இரண்டு மணி நேரம்தான். வேலியில் குழந்தைகளின் சின்னச் செருப்பும் ஆரஞ்சுத் துணியும் கட்டியிருப்பதைப் பார்த்து லென்ஸை மாற்றுகிற ஆட்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தச் சமூகத்தின் ஆபீசில் கேட்டு, சரி என்றால் எடுங்கள். இல்லையென்றால் கேமரா காரில் இருக்கட்டும்.

பொதுமக்கள் பார்க்கவே வைத்திருக்கிற இடம் வேண்டுமா? பதோஷ் போங்கள், வகாவிலிருந்து கிட்டத்தான். 1885-ல் மெட்டீஸ் மக்கள் (பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பு வம்சம்) கனடாப் படையோடு போட்ட சண்டையின் குண்டுத் துளைகள் பாதிரியார் வீட்டுச் சுவரில் இன்னும் இருக்கின்றன. கல்லறையில் அவர்களுடைய தளபதி கேப்ரியல் டூமாண்ட் இருக்கிறார், கீழே ஆறு ஓடுகிறது.

#13 மூணுகால்

சரி சரி, லொகேஷன் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சாசேஜை எடுக்கப் போகிறேன், அதை யாரும் திருட முடியாது.

#14 கரிசல்காட்டான்

நேற்று மறுபடி போனேன். பன்னிரண்டேகாலுக்கு அங்கே இருந்தேன். பன்னிரண்டு நாற்பது வாக்கில், பழையலென்ஸ் அண்ணே, சொன்னபடியே நடந்தது. வெறும் சாம்பல் கல்லாக நின்றது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீறல் ஒவ்வொன்றிலும் நிழல் இறங்கி எழுத்து எழும்பியது. இருபது நிமிஷம். அப்புறம் போய்விட்டது.

வடலிக்கா, மேல் வரி நீங்கள் சொன்னதேதான். அடுத்து ஒரு பெண் பேர், இங்கே போடவில்லை. அதற்கடியில் "ப்ரோஜிலா 3 ரோக்கி" என்று வாசித்தேன், சரியா? மூன்று வருஷம் வாழ்ந்தாள் என்றுதானே அர்த்தம்? 1918 நவம்பர். கீழே தொங்குகிற அந்த எழுத்து அவள் பேரின் கடைசி எழுத்து. எழுதியவருக்கு எழுதப் பழக்கம் இல்லை, வரியின் தொடக்கத்தில் பெரிது பெரிதாகப் போட்டுவிட்டார்.

இந்த முறை டிரக்கை நான் தேடிப் போனேன். ஒரு மைல் தள்ளி வீடு. அந்தப் பெரியவர்தான் கோயில் புல்லை வெட்டுகிறார். சாவி அவர் அடுப்படி ஆணியில் தொங்குகிறது. இரண்டு வருஷம் முன்னால் மணியைக் கழற்ற யாரோ முயன்றார்களாம், அதனால்தான் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். படத்தைப் போனில் காட்டினேன். அந்தப் பேரை அவர் இதுவரை வாசித்ததே இல்லை, மொழி பாட்டியோடு போய்விட்டது என்றார். இடத்தைப் போடலாமா என்று கேட்டேன். "கல்லறைக்குப் போடு, ஆனால் சாவி கேட்கிறவர்கள் ஆர்.எம். ஆபீஸ் வழியாக வரட்டும்" என்றார். அப்படியே செய்கிறேன்.

ஜூலை 12 பேதுரு பவுல் திருநாள், அன்றைக்குக் கதவைத் திறக்கிறார்களாம். வரச் சொல்லியிருக்கிறார். சாப்பாடும் உண்டு. யார் வருகிறீர்கள்?

#15 வடலி

சரிதான் அண்ணை, மூன்று வருஷம். நான் வாறன், அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாறன். மற்றக் கல்லுகளையும் வாசிப்பா.

#16 மூணுகால்

நான் சைவம். பெரோகி (அவர்களுடைய கொழுக்கட்டை) சாப்பிடலாமா?

#17 கடலோரத்துக்காரி

உள்ளே உருளைக்கிழங்கும் சீஸும்தான். ஆனால் தட்டில் வைக்கும்போது கேட்காமலே மேலே பன்றிக்கறித் துண்டோடு வெங்காயம் வதக்கி ஊற்றிவிடுவார்கள். வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிடு.